ரீஜன்சி காலப் புதினப் படங்கள்: பகல் சந்திப்புகளின் உடையையும் அறையையும் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: மொழிபெயர்ப்பு மேசை

அனைவருக்கும் வணக்கம். ரீஜன்சி கால ஆங்கில எழுத்தாளரான ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தில், ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் சென்று பார்த்துவிட்டு வரும் அத்தியாயங்களை இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வாக்கியம் பாதி அமைந்துவிடும் என்பது என் அனுபவம். அதனால் சொல் கிடைக்காமல் தடுமாறும்போதெல்லாம் பழைய பதிப்புகளின் படங்களை எடுத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கமே இப்போது என்னைக் குழப்பத்தில் தள்ளியிருக்கிறது.

1833ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்புப் படத்தில், பின்னர் தன்னை மணக்கும் டார்சி செய்த உதவியைக் கதாநாயகி எலிசபெத் தந்தையிடம் சொல்கிறாள். அவளுடைய சட்டைக்கை தோளருகே தலையணை போல உப்பியிருக்கிறது, இடை அதற்குரிய இடத்திலேயே இறுக்கப்பட்டிருக்கிறது. 1894இல் ஹ்யூ தாம்சன் வரைந்த படங்களில் அதே எலிசபெத்துக்கு இடைக்கோடு மார்புக்குக் கீழேயே முடிந்து, உடை நேராகக் கால்வரை விழுகிறது. ஆனால் அவளைச் சுற்றிப் பல படங்களில் அறையே இல்லை. ஒரு நாற்காலியும் மேசையின் ஒரு விளிம்பும் போக மீதியெல்லாம் வெறுந்தாள். சார்லஸ் ப்ரோக்கின் வண்ணப் படங்களிலோ கணப்பு, திரைச்சீலை, கம்பளம் என்று அறை நிறைந்திருக்கிறது. மூவரும் வரைந்தது ஒரே கதையைத்தான். இவற்றில் எதை நம்பி நான் ஓர் அறையைச் சொற்களில் கட்டுவது?

இப்போது என் முன் இருப்பது ஹன்ஸ்ஃபர்டு பாதிரியார் இல்லத்துக் காட்சி. எலிசபெத் தனியாக உட்கார்ந்து அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வாசல் மணி ஒலிக்கிறது. டார்சி தனியாக உள்ளே வருகிறார். இத்தகைய சந்திப்புகளை வரைந்த பலரும், வந்திருக்கும் ஆண் அறைக்குள்ளேயே தொப்பியைக் கையில் வைத்திருப்பதாகக் காட்டுகிறார்கள். வாசலிலேயே வாங்கி வைக்கப் பணியாள் இருக்கும் வீட்டில் இது உண்மையான வழக்கமா, ஓவியரின் கற்பனையா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய அச்சு

மொழிபெயர்ப்பு மேசை அவர்களுக்கு வணக்கம். ஆஸ்டின் உயிருடன் இருந்தபோது வெளிவந்த ஆங்கிலப் பதிப்புகள் எதிலும் படம் கிடையாது என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்கும் நூல் 1813 ஜனவரியில் மூன்று தொகுதிகளாக, 18 ஷில்லிங் விலையில், எழுத்து மட்டுமே கொண்டு வந்தது. அக்காலத்தில் படம் போட்ட புதினமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1817இல் ருடால்ஃப் ஆக்கர்மான் 'விகார் ஆஃப் வேக்ஃபீல்டு' நூலைத் தாமஸ் ரோலண்ட்சனின் 24 வண்ணத் தகடுகளுடன் வெளியிட்டார். ஆனால் அது 1766இல் வந்து அரை நூற்றாண்டாக வாசகர்களிடம் நிலைபெற்றுவிட்ட கதை. பெயர் வெளியிடாத ஒரு பெண் எழுதிய புதிய கதைக்கு அந்தச் செலவை யாரும் செய்யவில்லை.

நீங்கள் பார்த்த 1833 படம் ஃபெர்டினாண்ட் பிக்கரிங் வரைந்தது. ரிச்சர்டு பென்ட்லி ஆஸ்டினின் ஆறு புதினங்களையும் 1832, 1833 ஆண்டுகளில் தமது மலிவுப் பதிப்பு வரிசையில், 6 ஷில்லிங் விலையில் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முகப்புப் படம், தலைப்புப் பக்கத்தில் ஒரு சிறு படம். இவை எஃகுத் தகட்டில் செதுக்கப்பட்டவை. செப்புத் தகடு சில நூறு படிகளிலேயே தேயத் தொடங்கிவிடும். எஃகு பல்லாயிரம் படிகளைத் தாங்கும். மலிவான பதிப்பிலும் படம் இடம்பெற முடிந்ததற்கு இதுவே காரணம். பிக்கரிங் தம்முடைய நாளின் உடையையே எலிசபெத்துக்கு அணிவித்தார். இதைப் பிழை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பதிப்பை வாங்கியவர்களுக்கு இது பழங்கதை அன்று, தங்கள் அம்மாக்கள் இளமையில் படித்த கதை. 1833இல் ஓர் அப்பாவும் மகளும் ஓர் அறையில் எப்படி நின்று பேசினார்கள் என்பதற்கு அது முதல்தரமான சான்று. 1813க்கு அது சான்றாகாது, அவ்வளவுதான்.

தாம்சனின் நிலை நேர்மாறானது. அவர் 80 ஆண்டுகளுக்குப் பின்னால் நின்று, தாம் பார்த்திராத உலகத்தை ஆசையோடு திரும்பிப் பார்த்தவர். ஜார்ஜ் ஆலன் வெளியிட்ட அந்த 1894 பதிப்புக்கு, தலைப்பு அணிகளும் அத்தியாய முதலெழுத்துச் சித்திரங்களும் உட்பட 160 படங்களை வரைந்திருக்கிறார். அவர் படங்களில் அறை இல்லாமல் போனதற்கு அச்சு முறையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மையால் வரைந்த கோட்டை ஒளிப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் அரித்து அச்சிடும் முறை அப்போது பரவியிருந்தது. இடையில் மரச்செதுக்காளர் யாரும் இல்லாததால், ஓவியரின் பேனா நுனி எப்படி ஓடியதோ அப்படியே தாளில் பதிந்தது. மென்மையான துணியின் மடிப்பும் குனிந்த தலையும் அந்தக் கோட்டில் அழகாக வந்தன. சுவரையும் நிழலையும் அதே கோட்டால் நிரப்பினால் பக்கம் கறுத்துவிடும். ஆகவே தாளின் வெண்மையையே சுவராக விட்டுவிட்டார்.

மறுமொழி: தையல்பெட்டி

தொப்பிக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அது கற்பனை அன்று, வழக்கம்தான். ஒரு பகல் சந்திப்பு கால் மணி நேரம் நீடித்தால் போதும் என்பதே மரியாதையின் அளவாக இருந்தது. தொப்பியையும் கைத்தடியையும் வாசல் கூடத்தில் விட்டுவிட்டு வருபவர், அந்த வீட்டில் உரிமையோடு தங்கப்போகிறவர். அவற்றைக் கையோடு அறைக்குள் கொண்டுவருபவர், 'அதிக நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்' என்று வாய் திறக்காமலே சொல்கிறவர். 19ஆம் நூற்றாண்டின் நன்னடத்தைக் கையேடுகள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கின்றன. படத்தில் வரும் அந்தத் தொப்பி ஒரு கடிகாரத்தைப் போன்றது.

பெண்களுக்கும் இதே போன்ற அடையாளம் உண்டு. பார்க்க வந்த பெண் தன் பானெட் தொப்பியைக் கழற்றுவதில்லை. சால்வையும் பெலீஸ் என்னும் நீண்ட மேலங்கியும் பெரும்பாலும் உடம்பிலேயே இருக்கும். வீட்டுத் தலைவி மணமானவராக இருந்தால் தலையில் மெல்லிய துணிக் குல்லாய் அணிந்திருப்பார்; மணமாகாத இளம்பெண் வெறுந்தலையுடன் இருப்பாள். ஆகவே ஒரு நல்ல படத்தில் யார் வந்தவர், யார் வீட்டுக்காரர், யார் மணமானவர் என்பதை முகத்தைப் பார்க்காமலே தலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்கள் ஹன்ஸ்ஃபர்டு காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் அந்த வீட்டில் தங்கியிருக்கும் விருந்தினர், ஆகவே வெறுந்தலை. டார்சி பார்க்க வந்தவர், ஆகவே கையில் தொப்பி. சற்று நேரத்தில் ஊருக்குள் போயிருந்த வீட்டுத் தலைவி ஷார்லட்டும் அவள் தங்கை மரியாவும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் தலையில் பானெட் இருக்கும். ஓவியர் இந்த வேறுபாட்டைக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டியிருந்தால் மற்ற விவரங்களிலும் அவரைக் கொஞ்சம் நம்பலாம். நான் கடைப்பிடிக்கும் சோதனை இதுதான்.

அடுத்த சோதனை கழுத்து. பகல் உடைக்குக் கை நீளம், கழுத்து மூடியிருக்கும். உடையின் கழுத்து இறக்கமாகத் தைக்கப்பட்டிருந்தாலும் உள்ளே ஷெமிசெட் என்னும் மெல்லிய துணியை அணிந்து மறைப்பார்கள். குட்டைக் கையும் திறந்த கழுத்தும் முழங்கைக்கு மேல் ஏறும் கையுறையும் இரவு விருந்துக்கும் நடனத்துக்கும் உரியவை. நண்பகல் சந்திப்பில் கதாநாயகியைத் திறந்த கழுத்தோடு உட்காரவைத்திருக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை வரைந்தவருக்கு அந்த வீட்டின் நேர ஒழுங்கு தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எந்த ஆண்டின் உடை என்பதில் மட்டும் நேர்மையான கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. இந்தப் புதினத்தின் முதல் வரைவு 1796, 1797 ஆண்டுகளில் எழுதப்பட்டது; நூலாக வந்தது 1813இல். இடைப்பட்ட காலத்தில் உடை வெகுவாக மாறிவிட்டது. 1795இல் தலைமுடித் தூளுக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதிக்கப்பட்டது. ஏற்கெனவே குறைந்து வந்த அந்தப் பழக்கத்தை வரி விரைவாகத் தேய்த்துவிட்டது. தரையில் புரண்ட நீண்ட பின்தொங்கல் பகல் உடையிலிருந்து மறைந்தது. வங்கத்திலிருந்து வந்த மஸ்லினும் காஷ்மீர் சால்வையும் முதலில் செல்வர் வீட்டுப் பொருள்களாக இருந்தன. பிறகு நார்விச்சிலும் பெய்ஸ்லியிலும் சால்வைகளின் மாதிரிகளை நெய்யத் தொடங்கினார்கள். ஷார்லட்டின் கணவரும் பாதிரியாருமான காலின்ஸ் போன்ற வயதில் மூத்த, பழமை விரும்பும் பாத்திரங்களை 1790களின் பாணியிலும் இளையவர்களை 1813இன் பாணியிலும் வரைந்தால் தவறில்லை என்று முதலில் எழுத நினைத்தேன். ஆனால் காலின்ஸுக்குக் கதைப்படி 25 வயதுதான். அவரைக் கிழவராக வரைவது ஓவியர்கள் நமக்குப் பழக்கிவிட்ட பிழை. பாருங்கள், இத்தனை ஆண்டுகள் படித்த பிறகும் என் கண்ணையே படங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

இன்னொன்று. தொப்பியைப் பற்றி ஆஸ்டின் அந்தக் காட்சியில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, அவருடைய வாசகருக்கு அது தெரியும். ஆகவே மொழிபெயர்ப்பில் நீங்களும் தொப்பியைச் சேர்க்க வேண்டாம். அதற்கு எதிரான ஒன்றை எழுதிவிடாமல் இருந்தால் போதும்.

மொழிபெயர்ப்பு மேசை

தையல்பெட்டி அவர்களுக்கு மிக்க நன்றி. எதிரான ஒன்றைத்தான் எழுதி வைத்திருந்தேன்: டார்சி 'வசதியாக அமர்ந்தார்' என்று. நீக்கிவிட்டேன்.

நேரத்தைப் பற்றி ஒரு துணைக் கேள்வி. மூலத்தில் இச்சந்திப்புகளைக் காலை நேரத்துச் சந்திப்பு என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 'காலை' என்று தமிழில் எழுதினால் வாசகர் எட்டு மணி, ஒன்பது மணி என்று நினைத்துக்கொள்கிறார். படங்களிலோ நல்ல உச்சி வெளிச்சம் தெரிகிறது. அதோடு, அறையைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

மறுமொழி: அறைகலன்

'பகல்' என்றே எழுதுங்கள். அக்கால ஆங்கில உயர்குடி வீடுகளில், மாலை உணவுக்கு உடை மாற்றும் வரை இருந்த நேரம் முழுவதும் காலை என்றே வழங்கியது. அந்த உணவு நாட்டுப்புற வீட்டில் நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ இருக்கலாம். நாகரிகம் கூடிய வீட்டில் இன்னும் தாமதமாகும். சந்திப்புகள் பெரும்பாலும் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையே நடந்தன. எந்த வேளை என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே முக்கியம். 'எம்மா' புதினத்தில் ஹாரியட் ஆறு வாரம் மகிழ்ச்சியாகத் தங்கியிருந்த மார்ட்டின் குடும்பத்துப் பண்ணை வீட்டுக்கு, எம்மா அவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்துக்கொள்கிறாள். உள்ளே கழிந்தது 14 நிமிடம் என்று ஆஸ்டின் எண்ணிச் சொல்கிறார். முறைப்படி அது குறையில்லாத சந்திப்பு. அந்தக் குடும்பத்துக்கு அது அடி. இதைப் படத்தில் காட்டுவது எளிதன்று.

அறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் முறைப்படியான அறையில் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். ஆள் வந்தால் இழுத்துப் போட்டு வட்டமாக உட்காருவார்கள். வந்தவர் போனதும் அவை சுவருக்குத் திரும்பிவிடும். ரீஜன்சி காலத்தில், அதாவது 1811 முதல் 1820 வரை இளவரசர் தந்தைக்காக ஆட்சி நடத்திய காலத்திலும் அதற்குச் சற்று முன்பும், இந்த ஒழுங்கு தளர்ந்தது. தோட்டக்கலை வல்லுநர் ஹம்ஃப்ரி ரெப்டன் 1816இல் வெளியிட்ட நூலில் இரண்டு படங்களை அருகருகே வைத்திருக்கிறார். ஒன்றில் கருமரப் பலகை அடித்த பழைய அறை. எல்லோரும் வட்டமாக, ஒருவரையொருவர் பார்த்தபடி விறைப்பாக அமர்ந்திருக்கிறார்கள். மற்றொன்றில் புதிய வாழ்வறை. ஒருவர் படிக்கிறார், சிலர் இசையருகே நிற்கிறார்கள், சிலர் தனித்தனிக் குழுவாகப் பேசுகிறார்கள், அறை செடிகள் வளரும் கண்ணாடி மாடத்துக்குத் திறந்திருக்கிறது. ரெப்டன் விலைபோக வேண்டிய கருத்தை வரைந்தவர், ஆகவே பழையதைக் கொஞ்சம் கூடுதலாகவே வாடவைத்திருக்கிறார். ஆனாலும் மாற்றம் உண்மை. 'பர்சுவேஷன்' புதினத்தில் அப்பர்கிராஸ் பெரிய வீட்டின் பழைய சதுர அறையில், மெருகேறிய தரையும் சிறிய கம்பளமும் இருந்த இடத்தில், அந்த வீட்டுப் பெண்கள் பியானோவையும் ஹார்ப்பையும் பூந்தாங்கிகளையும் சிறு மேசைகளையும் எல்லாத் திசையிலும் போட்டு, காலத்துக்கேற்ற கலைவை உண்டாக்குகிறார்கள். ரெப்டனின் இரண்டு படங்களையும் ஒரே அறைக்குள் வைத்துப் பார்ப்பது போல இருக்கும் அந்த இடம்.

இது தெரிந்தால் உங்கள் ஹன்ஸ்ஃபர்டு காட்சியின் நாற்காலி புரியும். பேச்சினிடையே டார்சி தம் நாற்காலியை எலிசபெத் பக்கம் சற்று இழுக்கிறார். பிறகு மனம் மாறி அதைப் பின்னுக்கு நகர்த்தி, மேசையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் பார்க்கிறார். இலேசான, எளிதில் நகரக்கூடிய நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் மேசை, அதில் செய்தித்தாள். வட்டமாக உட்காரவைக்கும் அறையில் இந்த நகர்வுக்கு இடமே இல்லை. ஓவியர் அங்கே கனமான மெத்தை நாற்காலியை வரைந்துவிட்டால் காட்சி செத்துவிடும். கம்பளத்தின் பூ வேலையை அவர் சரியாக வரைந்தாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

ஆஸ்டின் மிகக் குறைவாகவே பொருள்களைச் சொல்கிறார். சொல்லும் இடத்தில் அது யாருடைய அதிகாரம் என்பதைச் சொல்லிவிடுகிறது. டார்சியின் சித்தி லேடி கேத்தரினின் ரோசிங்ஸ் மாளிகையில் ஒரு கணப்பு முகப்புக்கு மட்டும் 800 பவுண்டு என்று காலின்ஸ் பெருமை பேசுகிறார். எம்மாவின் வீடான ஹார்ட்ஃபீல்டில் 40 ஆண்டு பழக்கமான சிறிய பெம்ப்ரோக் மேசையை அகற்றி, பெரிய வட்ட மேசையைக் கொண்டுவர எம்மா ஒருத்தியால்தான் முடிந்தது. ஷார்லட் அளவிலும் காட்சியிலும் குறைந்த பின்பக்க அறையைத் தன் பகல் அறையாக வைத்துக்கொள்கிறாள். அதைவிட நல்ல அறையில் அவள் உட்கார்ந்தால் கணவரும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு ப்ரோக்கின் நிறைந்த அறைகளைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் வாழ்ந்த ப்ரோக் சகோதரர்கள் பழைய நாற்காலிகளையும் உடைகளையும் வாங்கித் தங்கள் ஓவியக்கூடத்தில் வைத்து, உறவினரை அவற்றோடு நிற்கவைத்து வரைந்தார்கள். ஆகவே பொருள் ஒவ்வொன்றும் உண்மை. அவை யார் வீட்டில், எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

மறுமொழி: பழைய அச்சு

அறைகலன் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கற்பனைப் படங்களே வேண்டாம் என்று முடிவெடுத்த பதிப்பும் ஒன்று உண்டு. ஆர். டபிள்யூ. சாப்மன் 1923இல் ஆக்ஸ்போர்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து தொகுதிகளில், அக்கால நூல்களிலும் இதழ்களிலும் வந்த உடை, வண்டி, அறை ஆகியவற்றின் படங்களையே எடுத்துச் சேர்த்தார். ஆக்கர்மானின் இதழ் 1809 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கையால் வண்ணமிட்ட உடைத் தகடுகளையும் அறைகலன் தகடுகளையும் மாதந்தோறும் வெளியிட்டது. அது விற்பனைக்கான கனவு என்பதை மறக்காமல் பார்த்தால் மிகவும் பயன்படும். கனவு கலவாத சான்று வேண்டுமென்றால், எசெக்ஸ் மாவட்டத்து டைன்ஸ் ஹால் வீட்டைச் சேர்ந்த டயானா ஸ்பெர்லிங் 1812க்கும் 1823க்கும் இடையே தம் குடும்பத்தாரை வரைந்த நீர்வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள். அச்சுக்காக அல்லாமல் வீட்டாரின் மகிழ்ச்சிக்காக வரைந்தவை. அவற்றில் தரை வெறுமையாக இருக்கிறது, பொருள்கள் கொஞ்சமே. அப்போது தாம்சனின் வெறுந்தாள் அவ்வளவு பொய்யாகத் தோன்றாது.

ஆஸ்டினே தம் பாத்திரங்களைப் படத்தில் தேடியவர்தான். 1813 மே மாதம் லண்டனில் ஸ்பிரிங் கார்டன்ஸ் ஓவியக் கண்காட்சிக்குச் சென்றபோது, எலிசபெத்தின் அக்காவும் பிங்லியின் மனைவியுமான ஜேனைப் போலவே ஒரு சிறு உருவப்படத்தைக் கண்டதாகவும், அவள் வெள்ளை உடையில் பச்சை அணிகளோடு இருந்ததாகவும் தம் அக்காவுக்கு எழுதினார். டார்சியின் மனைவி, அதாவது எலிசபெத், மஞ்சள் உடையில் இருப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவளைத் தேடியும் எங்கும் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பு மேசை

அந்த மஞ்சள் உடையை நான் பார்த்த எந்த ஓவியராவது எலிசபெத்துக்கு அணிவித்திருக்கிறாரா என்று இன்று இரவே எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கப்போகிறேன்.

ஹன்ஸ்ஃபர்டு காட்சியைத் திரும்ப எழுதினேன். 'காலை' எல்லா இடத்திலும் 'பகல்' ஆகிவிட்டது. நாற்காலியை முன்னே இழுக்கும் வாக்கியத்துக்கும் பின்னே நகர்த்தும் வாக்கியத்துக்கும் இடையில், டார்சியின் மனநிலையை விளக்கி நானாகச் சேர்த்திருந்த ஒன்றரை வரியை எடுத்துவிட்டேன். செய்தித்தாள் மேசையில் இருக்கிறது. அதை எடுக்க அவர் எழுந்து போக வேண்டியதில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.